எஃகுத் திரை (9): ஒன்பது வாரங்களும் 28 புள்ளிகளும்

சென்ற வாரம் வரையில்: 1933ஆம் ஆண்டு ஆர்ட் ரூனி என்னும் தாராள மனம் படைத்த பெரியவரால் தோற்றுவிக்கப்பெற்று, ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம் தோல்வியையே பிதுரார்ஜிதம்போலச் சுமந்து திரிந்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கழகம், 1969இல் சக் நோல் என்ற இளம் பயிற்சியாளரின் பொறுப்பில் வந்தது. அவர் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஜோ கிரீனைத் தூணாக நிறுத்தி, அதைச் சுற்றி ஒவ்வொரு கல்லாக ஒரு கோட்டையை எழுப்பினார். 1975 ஜனவரியில் மின்னசோட்டா வைக்கிங்ஸை 16–6 என்றும், 1976 ஜனவரியில் டல்லஸ் கௌபாய்ஸை 21–17 என்றும் வென்று, சூப்பர் பவுல் கோப்பையை அக்கழகம் அடுத்தடுத்து இருமுறை கைப்பற்றிய வைபவத்தையும் பார்த்தோம்.

இந்த வாரம் சொல்லப்போவது கோப்பை கிடைக்காத ஓர் ஆண்டின் கதை. கோப்பைகளை எண்ணியே கீர்த்தியை அளக்கும் சரித்திரக்காரர்கள் இந்த 1976ஆம் ஆண்டை இரண்டு வரியில் கடந்து போய்விடுவது வழக்கம். ஆனால் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பின் வலிமை எதுவரையில் செல்லும், எந்த இடத்தில் வந்து நின்றுவிடும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஆண்டில் விடை தேட விரும்புகிறவன் இந்த ஆண்டைத்தான் புரட்ட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தொடரின் நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கிரிக்கெட்டில் பந்து வீசி எதிரியை அடக்குகிற அதே பதினொருவர்தாம் பின்னர் மட்டை பிடித்து ஓட்டம் சேர்க்கவும் வேண்டும். இந்த ஆட்டத்தில் அப்படியன்று. தாக்குவதற்கென்று பதினொருவர், தடுப்பதற்கென்று முற்றிலும் வேறு பதினொருவர். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் 10 கஜமாவது முன்னேறினால் மேலும் நான்கு கிடைக்கும், இல்லையேல் பந்து எதிரியின் வசம் போகும். எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் எடுத்தால் 6 புள்ளிகள், அதன்பின் ஓர் உதைக்கு 1. தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பீல்டு கோல் எடுத்தால் 3. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அக்டோபர் 10, கிளீவ்லாந்து

அந்த ஆண்டின் ஆரம்பமே அபசகுனமாக இருந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி ஓக்லாந்தில், பரம வைரிகளான ரெய்டர்ஸுக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் 28–14 என்று முன்னணியில் இருந்த ஸ்டீலர்ஸ், கண்மூடித் திறப்பதற்குள் 31–28 என்று தோற்றனர். அந்த ஆட்டத்தில், பந்து வேறொருவர் கையில் இருந்த சமயம், ஸ்டீலர்ஸின் லின் ஸ்வானைப் பின்னாலிருந்து முழங்கையால் தலையில் தாக்கி வீழ்த்தினார் ரெய்டர்ஸின் ஜார்ஜ் அட்கின்சன். இப்படிப்பட்ட குற்றவாளிக் கும்பல் ஒன்று இந்த ஆட்டத்தில் புகுந்துவிட்டது என்ற பொருள்படச் சக் நோல் பேச, அட்கின்சன் 20 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். மறு ஆண்டு ஜூரிகள் நோல் பக்கமே தீர்ப்பளித்தார்கள் என்றாலும், பகை அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

இடையில் கிளீவ்லாந்து பிரவுன்ஸை ஒருமுறை வென்றதைத் தவிர, நியூ இங்கிலாந்திடம் 30–27, மின்னசோட்டாவிடம் 17–6 என்று தோல்விகள் தொடர்ந்தன. பிறகு வந்தது அக்டோபர் 10.

பிரவுன்ஸின் சொந்த மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில், ஸ்டீலர்ஸின் தாக்கும் அணியில் பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக்காகிய டெர்ரி பிராட்ஷாவைப் பிடித்த ஜோ ஜோன்ஸ் என்னும் முன்வரிசை வீரர், அவரை அப்படியே தூக்கி, தலை கீழாகத் தரையில் குத்தினார். திரைப்படச் சுருளில் இன்று பார்த்தாலும் வயிற்றைப் புரட்டும் காட்சி அது. பிராட்ஷாவைத் தூக்குப் படுக்கையில் கிடத்தி வெளியே எடுத்துச் சென்றார்கள். கழுத்தில் காயம். ஆட்டம் 18–16 என்று கைவிட்டுப் போயிற்று.

ஐந்து ஆட்டங்கள், ஒரு வெற்றி, நான்கு தோல்வி. எதிரிகளுக்குக் கொடுத்த புள்ளிகள் 110. அப்போது ஓர் ஆண்டுக்கு 14 ஆட்டங்களே. மிச்சமிருந்தவை ஒன்பது, அந்த ஒன்பதில் ஒன்றைத் தோற்றாலும் காரியம் கெட்டுவிடும் என்ற நிலை.

நோல் எதை நம்பினார்?

பிராட்ஷாவின் ஸ்தானத்துக்கு இருந்தவர் மைக் குருசெக். பாஸ்டன் கல்லூரியிலிருந்து அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்த இளைஞர். வேறொரு பயிற்சியாளராக இருந்தால், அனுபவமுள்ள ஒரு குவார்ட்டர்பேக்கை எங்கிருந்தாவது விலைக்கு வாங்கி வர ஓடியிருக்கக்கூடும். நோல் ஓடவில்லை.

அதற்கு அவருடைய பூர்வ சரித்திரத்தில் காரணம் இருக்கிறது. பிட்ஸ்பர்க்குக்கு வருமுன் அவர் பால்டிமோர் கோல்ட்ஸின் தற்காப்பு அணிக்குப் பொறுப்பாளராக இருந்தவர். 1968இல் அந்த அணி 14 ஆட்டங்களில் 144 புள்ளிகளே கொடுத்துப் பிரசித்தி பெற்றது. ஓர் ஆட்டத்தை வெல்வதற்கு முன், அதைத் தோற்காமல் இருக்கக் கற்க வேண்டும் என்பது அவர் ஓயாமல் போதித்த பாடம். இப்போது அந்தப் பாடத்துக்குப் பரீட்சை வந்துவிட்டது.

எஃகுத் திரை என்று ஊரார் பெயர் சூட்டியிருந்த முன்வரிசை நால்வரை முந்திய அத்தியாயங்களில் பார்த்திருக்கிறோம்: ஜோ கிரீன், எர்னி ஹோம்ஸ், எல். சி. கிரீன்வுட், டுவைட் ஒயிட். ஆயினும் அவர்கள் நின்ற விதத்தை மறுபடி ஒருமுறை கூர்ந்து பார்ப்பது அவசியம். ஏனெனில் அந்த ஒன்பது வாரங்களின் ரகசியம் பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

வழக்கமாகத் தற்காப்பு முன்வரிசையில் நிற்பவன் தன் எதிரே உள்ளவனுக்கு நேர்முகமாக நிற்பான். 275 பவுண்டு எடையுள்ள கிரீனோ, முன்வரிசைப் பயிற்சியாளர் ஜார்ஜ் பெர்லஸ் பழக்கிய முறைப்படி, எதிரணியின் மையத்தில் பந்தை எடுத்துக் கொடுப்பவனுக்கும் அவனுக்கு அடுத்து நிற்பவனுக்கும் இடையே உள்ள சந்தை நோக்கி உடலைச் சாய்த்து, கோணலாக நின்றார். பந்து அசைந்த மறுகணமே அந்தச் சந்துக்குள் பாய்வார். அவரை ஒருவனால் தடுக்க முடியாது, இருவர் வேண்டும். அந்த இருவரும் கிரீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால் நின்ற ஜாக் லாம்பர்ட்டைத் தொட ஆள் இல்லாமற் போகும்.

லாம்பர்ட்டின் எடை 220 பவுண்டு. நடு லைன்பேக்கர் ஸ்தானத்துக்கு அது மிகவும் குறைவு என்று 1974இல் பலர் அவரை ஒதுக்கித் தள்ளினார்கள். மோதுவதற்கு எதிரே ஆளே வராதபோது எடை எதற்கு? வேகம் இருந்தால் போதாதா? பந்தை ஏந்தியவன் இடமாகப் போனாலும் வலமாகப் போனாலும் அங்கே லாம்பர்ட் முன்கூட்டியே வந்து நின்றார். அவருக்கு இருபுறமும் ஜாக் ஹாம், ஆண்டி ரசல் என்னும் இரண்டு நிதானபுத்திக்காரர்கள். பின்வரிசையில் மெல் பிளவுண்ட். 6 அடி 3 அங்குல உயரம். பந்தைப் பிடிக்க ஓடுகிறவனைப் புறப்பட்ட இடத்திலேயே இடித்து நிறுத்தி, அவன் மறுபடி நிமிர்வதற்குள் பந்து எறியும் தருணமே கடந்துபோகும்படி செய்வதில் அவருக்கு நிகர் அன்று எவரும் இல்லை.

தற்காப்புப் பொறுப்பாளர் பட் கார்சன் இவர்களைத் தனித்தனி மல்லர்களாகப் பயன்படுத்தவில்லை என்பதே இதில் விசேஷம். முன்னால் நால்வரே எதிரியின் குவார்ட்டர்பேக்கை நெருக்கிவிடுவதால், பின்னால் எழுவரையும் மைதானத்தைப் பங்குபோட்டுக் காக்கும்படி நிறுத்த அவரால் முடிந்தது. முன்வரிசை அவசரப்படுத்தும், பின்வரிசை தாமதப்படுத்தும், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட குவார்ட்டர்பேக் என்ன செய்வான்?

அக்டோபர் 17

அன்று பிட்ஸ்பர்க்குக்கு வந்தவர்கள் சின்சினாட்டி பெங்கால்ஸ். லீகில் ஸ்டீலர்ஸ் இருந்த அதே பிரிவில் நான்கு வெற்றி, ஒரு தோல்வி என்று முதலிடத்தில் இருந்தவர்கள். இந்த ஆட்டமும் போனால் பிரிவின் தலைமையை மறந்துவிட வேண்டியதுதான்.

குருசெக் பந்து எறிவதைக் காண வந்த ரசிகர்கள் ஏமாந்தார்கள். அவர் பந்தை வாங்கினார்; திரும்பினார்; ஓட்டக்காரர் பிராங்கோ ஹாரிஸின் கையில் கொடுத்தார். மறுபடியும் அதையே செய்தார். மறுபடியும் அதையே. அன்று ஹாரிஸ் பந்தை ஏந்தி ஓடிய தடவைகள் 41. அதற்கு முன் அந்த லீகில் ஒரே ஆட்டத்தில் எவனும் அத்தனை தடவை ஓடியதில்லை. அத்தனை ஓட்டங்களாலும் சேர்ந்தது 143 கஜமே. ஓட்டத்துக்குச் சராசரி நாலு கஜம்கூட இல்லை.

பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சலிப்புக்குள் ஒரு தந்திரம் இருந்தது. ஹாரிஸ் ஓடி விழும்போதெல்லாம் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருந்தது. பெங்கால்ஸின் தாக்கும் அணி வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கிரீனும் லாம்பர்ட்டும் நீர் அருந்தி இளைப்பாறினார்கள். நான்காவது முயற்சி வரையில் 10 கஜம் கிடைக்காவிட்டால்தான் என்ன? பந்தைத் தூர உதைத்துவிட்டு, எதிரி தன் எல்லைக்கு அருகிலிருந்து புறப்பட்டு வரட்டும் என்று எஃகுத் திரையை உள்ளே அனுப்பினால் போயிற்று. தற்காப்பு உறுதியாக இருக்கும் அணிக்குப் பந்தை எதிரியிடம் ஒப்படைப்பது ஒரு நஷ்டமாகவே தோன்றுவதில்லை. பலவீனமான தற்காப்பை வைத்துக்கொண்டிருப்பவனோ ஒவ்வொரு முயற்சியையும் உயிர்ப்போராட்டமாகக் கருதிப் பதறுகிறான், பதற்றத்தில் பந்தைப் பறிகொடுக்கிறான். அனுபவமில்லாத குருசெக்குக்கு அன்று கிடைத்த பெரிய சகாயம் பதறாமல் இருக்கும் அந்த அனுமதிதான்.

முடிவு: 23–6. பெங்கால்ஸுக்கு ஒரு டச்டவுன்கூட இல்லை. இரண்டு பீல்டு கோல்கள் மட்டும்.

பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்

அதன்பின் நடந்தவற்றைச் சும்மா எழுதிவைத்தாலே போதும், அலங்காரம் வேண்டியதில்லை.

நியூயார்க் ஜயண்ட்ஸ், 27–0. சான் டியேகோ சார்ஜர்ஸ், 23–0. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ், அவர்களுடைய சொந்த ஊரிலேயே, 45–0. மூன்று வாரங்களாக எதிரி ஒருவனும் ஒரு புள்ளியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

மயாமி டால்ஃபின்ஸுக்கு 3 புள்ளிகள். ஹூஸ்டன் ஆயிலர்ஸுக்கு 16. அந்த ஒன்பது வாரங்களிலேயே எஃகுத் திரை மிகவும் கிழிபட்ட நாள் அதுதான், அன்றும் ஸ்டீலர்ஸ் எடுத்தது 32.

பிறகு நவம்பர் 28, சின்சினாட்டி, பனி. பெங்கால்ஸ் பிரிவின் தலைமையை விடாமல் பற்றிக்கொண்டிருந்தார்கள். வெண்பனி மூடிய தரையில் கால் ஊன்ற முடியாமல் இரு தரப்பும் வழுக்கித் தடுமாறிய அந்த நாளில், ஸ்டீலர்ஸ் எடுக்க முடிந்தது ஒரே ஒரு டச்டவுன். அந்த ஏழு புள்ளிகளைக் கொண்டு ஓர் ஆட்டத்தை வெல்வதற்கு எப்படிப்பட்ட தற்காப்பு வேண்டும்? பெங்கால்ஸுக்குக் கிடைத்தவை 3. ஆண்டு முழுவதும் தேடினாலும், தற்காப்பின் பிரதான்யத்தை விளக்க இந்த 7–3ஐக் காட்டிலும் துலக்கமான ஆட்டம் அகப்படாது; 45–0 என்பதெல்லாம் கொண்டாட்டத்துக்குரியது, ஒரு பருவத்தின் தலைவிதி இப்படிப்பட்ட அற்ப எண்ணிக்கைகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

டாம்பா பே, 42–0. மீண்டும் ஹூஸ்டன், 21–0.

ஒன்பது ஆட்டங்கள், ஒன்பது வெற்றிகள். அவற்றில் ஐந்தில் எதிரிக்குப் பூஜ்யம். ஒன்பதிலும் சேர்த்து எதிரிகள் எடுத்தவை 28 புள்ளிகள். டச்டவுன்கள் இரண்டே இரண்டு. முதல் ஐந்து வாரங்களில் 110 கொடுத்த அதே மனிதர்கள்தாம் இவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆண்டு முழுமைக்கும் 138. நோல் பால்டிமோரில் உருவாக்கிய அந்தப் பழைய அணியையும் விடக் குறைவு.

எதிரிகள் எளியவர்கள் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. டாம்பா பே அந்த ஆண்டுதான் பிறந்த குழந்தை, 14 ஆட்டங்களிலும் தோற்றது. ஜயண்ட்ஸும் மூன்று வெற்றிக்கு மேல் காணவில்லை. இருந்தாலும் எளியவனிடமும் அசட்டையாக ஒரு டச்டவுன் கொடுப்பது எந்த அணிக்கும் சகஜம். அந்த அசட்டை ஒன்பது வாரத்தில், ஹூஸ்டனோடு ஆடிய ஒரு நாளைத் தவிர, தலைகாட்டவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

குருசெக் அவற்றில் ஆறு ஆட்டங்களைத் தொடங்கினார், ஆறிலும் ஜயம். அந்த ஆண்டு முழுவதும் அவர் எறிந்த பந்து ஒன்றுகூட டச்டவுனில் முடியவில்லை. ஹாரிஸ் 1,128 கஜமும், வியத்நாமில் குண்டடிபட்டு இனி ஆடுவதே அரிது என்று கருதப்பட்ட ராக்கி பிளையர் 1,036 கஜமும் ஓடினார்கள். தற்காப்பு அணியின் பதினொருவரில் எண்மர், லீகின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் புரோ பவுல் ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டார்கள். ஆண்டின் தலைசிறந்த தற்காப்பாளர் என்ற விருது லாம்பர்ட்டுக்குப் போயிற்று.

பகைவன் செய்த உபகாரம்

இவ்வளவு செய்தும் காரியம் ஸ்டீலர்ஸின் கையில் இல்லை என்பது விசித்திரம். முதல் ஐந்து வாரக் கடனை அடைக்கப் பெங்கால்ஸ் இன்னும் ஓர் ஆட்டம் தோற்க வேண்டியிருந்தது. டிசம்பர் 6ஆம் தேதி அவர்கள் ஆடியது யாரோடு? ஓக்லாந்து ரெய்டர்ஸோடு!

ரெய்டர்ஸ் அதற்குள் தங்கள் பிரிவை வென்று முடித்திருந்தார்கள். அந்த ஆட்டத்தில் சற்றே கை தளர்ந்தால் போதும், தங்கள் கண்ணில் விரல்விட்டு ஆட்டும் பிட்ஸ்பர்க்காரர்கள் வீட்டோடு ஒழிந்துபோவார்கள். ரெய்டர்ஸைப் பற்றி எத்தனையோ அபவாதங்கள் உண்டு. ஆயினும் அன்று அவர்கள் பெங்கால்ஸை 35–20 என்று வென்றார்கள். இரு அணிகளும் பத்து வெற்றி, நான்கு தோல்வி என்று சமமாக முடிந்தபோது, தங்களுக்குள் ஆடிய இரண்டையும் வென்றவர்கள் என்ற முறையில் ஸ்டீலர்ஸ் பிரிவின் தலைமையைப் பெற்று, சூப்பர் பவுலுக்கு வழிவிடும் இறுதிச் சுற்றுகளுக்கு முன்னேறினர். பனியில் கிடைத்த அந்த 7–3 அங்கே வந்து கைகொடுத்தது.

டிசம்பர் 19, பால்டிமோர். அந்தச் சுற்றுகளில் முதலாவது ஆட்டம், கோல்ட்ஸுக்கு எதிராக ஸ்டீலர்ஸுக்கு 40–14 என்று வெற்றி. ஆட்டம் இவ்வளவு ஒருதலைப்பட்சமாகப் போனதால் உள்ளூர் ஜனங்கள் வெறுத்துப்போய் முன்னதாகவே கலைந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்த சற்று நேரத்துக்கெல்லாம் ஒரு சிறு விமானம் மைதானத்தின் மேலடுக்கு இருக்கைகளில் வந்து மோதிற்று. இருக்கைகள் காலியாக இருந்தமையால் பெரிய விபத்து நேரவில்லை. ஓர் அணி அளவுக்கு மீறி ஜயித்ததால் எத்தனையோ உயிர்கள் பிழைத்த சம்பவம் விளையாட்டுச் சரித்திரத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அன்று ஸ்டீலர்ஸ் கொடுத்த விலை பின்னால்தான் தெரிந்தது. ஹாரிஸுக்கு விலாவில் அடி. பிளையருக்குக் கால் விரலில் காயம்.

டிசம்பர் 26, ஓக்லாந்து

சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே, மீண்டும் ரெய்டர்ஸ். உபகாரம் செய்தவனே வாசலில் நின்றான்.

ஹாரிஸ் களத்தில் இறங்கவில்லை. பிளையரும் இல்லை. பின்வரிசையில் ஓடுவதற்கு ரெஜி ஹாரிசன் ஒருவரே மிஞ்சினார். ஆண்டு முழுவதும் இரண்டு ஓட்டக்காரர்களை வைத்து ஆடிய அணி ஒருவரை வைத்துக்கொண்டு புது வியூகம் வகுக்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 17இல் கண்ட அந்தத் தந்திரம் நினைவிருக்கிறதல்லவா? கடிகாரத்தை ஓட்டி, எஃகுத் திரைக்கு இளைப்பாற அவகாசம் தேடித் தந்தவர் ஹாரிஸ். அவர் இல்லாதபோது பந்து அடிக்கடி எதிரியின் வசம் போயிற்று. இளைப்பாறுவதற்கு முன்னே தற்காப்பு அணி திரும்பத் திரும்ப உள்ளே போக நேர்ந்தது. இடைவேளையில் 17–7. முடிவில் 24–7.

கிரீனும் லாம்பர்ட்டும் அன்று சோடை போனார்கள் என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஒன்பது வாரமும் தனியாகத் தாங்கியதுபோலத் தோன்றிய சுவருக்கு, உண்மையில், ஹாரிஸும் பிளையரும் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் இல்லாத அந்த ஒரு நாளில்தான் வெளிப்பட்டது. ரெய்டர்ஸ் அங்கிருந்து சென்று சூப்பர் பவுலில் மின்னசோட்டாவை 32–14 என்று வென்றார்கள்.

சட்டம் திரும்பிப் பார்க்கிறது

கதை இத்துடன் முடிந்திருந்தால் 1976 ஒரு சோகக் கதையாக நின்றிருக்கும். ஆனால் எஃகுத் திரையைக் கவலையோடு கவனித்துக்கொண்டிருந்தவர்கள் எதிரணிப் பயிற்சியாளர்கள் மட்டுமல்லர். லீகை நடத்துகிறவர்களும் கவனித்தார்கள். பிட்ஸ்பர்க்கைப் பார்த்து மற்றவர்களும் தற்காப்பில் தேர்ச்சி பெறத் தொடங்க, 1977இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளிகள் 17.2க்கு இறங்கிற்று, 1942க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. டச்டவுனைக் காணக் காசு கொடுத்து வருகிற ஜனங்கள் எத்தனை காலம் பீல்டு கோல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

1977இலேயே எதிரியின் தலையில் அறைவது தடுக்கப்பட்டது. 1978இல் வந்தது அதைவிடப் பெரிய மாற்றம். பந்தைப் பிடிக்க ஓடுகிறவனை முதல் 5 கஜத்துக்குள் மட்டுமே இடிக்கலாம். அதற்கு அப்பால் கை வைப்பது குற்றம். குவார்ட்டர்பேக்கைக் காத்து நிற்பவர்கள் இனிக் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்து, பாய்ந்து வருகிறவர்களைத் தள்ளி நிறுத்தலாம். முதலாவது விதியை ஜனங்கள் மெல் பிளவுண்ட் விதி என்றே அழைத்தார்கள். ஒரு தனிமனிதனின் சாமர்த்தியத்துக்கு எதிராகச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்பதைக் காட்டிலும் பெரிய விருது வேறு என்ன இருக்க முடியும்? இரண்டாவதோ, கிரீனையும் கிரீன்வுட்டையும் நேராகக் குறிவைத்தது.

முன்வரிசையின் அவசரப்படுத்தல், பின்வரிசையின் தாமதப்படுத்தல் என்று கார்சன் அமைத்த இயந்திரத்தின் இரண்டு சக்கரங்களிலும் ஒரே நேரத்தில் கட்டை போட்டாயிற்று. கார்சனும் 1977ஆம் பருவத்தோடு பிட்ஸ்பர்க்கை விட்டுப் போய்விட்டார். கிரீனுக்கு வயது முப்பத்தொன்றைக் கடந்துவிட்டது.

எதிரிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் புது விதிகள் எல்லா அணிகளுக்கும் பொதுவானவை. வலிய தோள் படைத்த ஒரு குவார்ட்டர்பேக்கும், ஸ்வான், ஸ்டால்வொர்த் என்னும் இரண்டு அபூர்வமான பந்து பிடிப்பவர்களும் பிட்ஸ்பர்க்கில் இருந்தார்கள் என்பதை அவர்கள் யோசித்தார்களா? தோற்காமல் இருப்பதையே முதல் தர்மமாகக் கொண்ட சக் நோல், அந்தத் தர்மத்தை மாற்றிக்கொண்டு பந்தைப் பிராட்ஷாவின் கையில் ஒப்படைக்கத் துணிவாரா?

(தொடரும்)